படத்தின் பெயர் இல்லாத பாட்டு

இப்போது வருகிற பாட்டுகளில் கலகம் இல்லை என்று கொஞ்ச நாளைக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பட்டிமன்றத்தில் பேசினேன். திருநெல்வேலியில் முப்பது வருடமாக மெல்லிசைக் குழு நடத்துகிறவன், கீபோர்டு வாசிக்கிறவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். கலகம் இருக்கிறது என்று எதிரணியில் பேசிய கல்லூரி விரிவுரையாளரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். கதாநாயகன் தன்னைச் சிங்கம் என்கிறான், நெருப்பு என்கிறான், மோதிப் பார் என்கிறான். யாரைக் கூப்பிடுகிறான்? ரேஷன் கடையில் எடை குறைக்கிறவனையா, பட்டா மாற்ற நாலு வருடம் நடக்க விடுகிறவனையா? எதிரே ஒரு ஆள் இல்லாமலே வேட்டியை மடித்துக் கட்டுகிறான் ஐயா, என்றேன். ராப் பாடுகிறவன் தன் செருப்பின் விலையைச் சொல்லி நம்மை மிரட்டுகிறான். பெண் விடுதலைப் பாட்டு என்றால் கதாநாயகன் முன்னால் நின்று ஆடுகிறான், அவனுக்குப் பின்னால் ஐம்பது பெண்கள் வரிசையாக விடுதலை ஆகிறார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தீர்ப்பு எங்கள் அணிக்கு. ஒரு சால்வையும் போட்டார்கள்.

அங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கலகமான பாட்டு ஒன்று என் கைக்கே வந்தது, அதை நான்தான் கொன்றேன். மற்றவன் வண்டவாளத்தை மைக் பிடித்துச் சொன்னவன் தன்னுடையதையும் ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் குழுவில் பெண் குரல் நிலைக்காது. வருவார்கள், கல்யாணம் ஆகும், மாமியார் வீட்டில் மேடை கூடாது என்பார்கள், போய்விடுவார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் வந்தவள் அப்படி இல்லை. முப்பது தாண்டியவள். அம்மாவும் அவளும் மட்டும்தான். களக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்த்தாள் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நின்றுகொண்டிருந்தாள் என்பதுதான் சரி. காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், அப்புறம் கடை சாத்துகிறவரை நிற்க வேண்டும். சேலை எடுக்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு. விரித்துக் காட்டுகிறவர்களுக்குக் கிடையாது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடையிலும் முக்காலிகள் இருந்தன, மாடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதிகாரி பார்வையிட வருகிற அன்று கீழே இறங்கும், சாயங்காலம் மறுபடி மேலே ஏறிவிடும்.

சுவரில் சாயவும் கூடாது. மூலைக்கு மூலை காமிரா. கடை முழுக்க ஸ்பீக்கர், அதில் நாள் பூராவும் பாட்டு. நானே ஒரு தடவை போனபோது கேட்டேன். யாருக்கும் தலை வணங்க மாட்டேன் என்று ஒரு கதாநாயகன் உறுமிக்கொண்டிருந்தான். பாதியில் அவனை நிறுத்திவிட்டு, "மூணாம் கவுண்டர், சாயாதீங்க" என்று மேனேஜர் குரல் வந்தது. பிறகு கதாநாயகன் விட்ட இடத்திலிருந்து உறுமினான். மூன்றாம் கவுண்டரில் நின்ற பெண் நிமிர்ந்தாள்.

வார விடுமுறையிலும் கெஞ்சி வாங்கிய லீவிலும்தான் எங்களோடு வருவாள். மேடையில் மற்றவர்கள் பாடும்போது ஆம்ப்ளிஃபயர் வருகிற மரப் பெட்டியில் உட்கார்ந்துகொள்வாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினால் கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது தெரியும். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம்.

பத்தமடையில் ஒரு கல்யாண வரவேற்பு. மதியமே போய்ச் சேர்ந்துவிட்டோம். மண்டபத்தில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், பெட்டியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு அவள் தன்பாட்டுக்குப் பாடினாள்.

"நின்னுக்கிட்டே விரிக்கேன் சேலை,
நின்னுக்கிட்டே மடிக்கேன் சேலை,
ஒக்காந்து மூச்சு விட ஒரு முக்காலி இல்லையே,
மொதலாளி வீட்டு நாய்க்கு மெத்தை இருக்கே."

இன்னும் இரண்டு சரணம் இருந்தது. ஒன்றில் மேனேஜரின் குரல் அப்படியே வந்தது, சாயாதே சாயாதே என்று, தாளத்தோடு. எங்கள் டிரம்ஸ்காரன் வாய் ஓயாதவன். அவன் குச்சியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருடமாக ஊரான் மெட்டுக்கு வாசித்துக் கை காய்த்துப்போனவன் நான். சொந்தமாக நாலு வரி வந்ததில்லை.

"யாரு எழுதுனது?" என்று கேட்டேன்.

"யாரும் எழுதல அண்ணாச்சி. நின்னு நின்னு வந்தது."

"நாய்க்கு மெத்தை இருக்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தீவாளிக்கு மொதலாளி வீட்டுக்குச் சேலைக்கட்டு கொண்டு குடுக்கப் போனேன்லா. என்னைய வாசல்லயே நிக்கச் சொல்லிட்டாவ. அது மெத்தையில கெடந்து என்னையவே பாத்துச்சு."

டிரம்ஸ்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள்தான் கச்சேரி என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்து டவுனுக்கு வந்து பெரிய ஆளானவர்தான் கடை முதலாளி. கொடைக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"எங்க ஊருக் கொடையில இதப் பாடணும் அண்ணாச்சி. கடைப் பிள்ளைய பாதிப் பேரு அங்கன சுத்துப்பட்டுதான். எல்லாரும் வருவாளுவ. மொதலாளி மொத வரிசையில உக்காந்திருப்பாவ. தலைவர்லா, பாதியில எந்திரிச்சுப் போவவும் முடியாது."

"ஒனக்கு வேலை போயிரும்."

"போவும். தெரிஞ்சுதான் சொல்லுதேன். காலு போறதுக்கு முன்னால வேலை போவட்டும்."

அவள் அதை வீரமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலத் தெரிகிறது என்பதைப் போலச் சொன்னாள். நான் ஆடிப்போனேன். லிஸ்டில் போடுகிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனதாரத்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லிஸ்ட் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் கொடைக்குப் பாட்டுப் போட வேண்டும் என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு சாதியைத் தூக்கி ஒரு பாட்டுப் போட்டு, அது வெட்டுக்குத்தில் முடிந்த ஊர்கள் உண்டு. அதனால் என்னென்ன பாட்டு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டுப் படத்தின் பெயரையும் எழுதி, கமிட்டித் தலைவரும் மைக் செட்காரரும் குழு நடத்துகிறவனும் கையெழுத்துப் போட வேண்டும். சினிமாப் பாட்டு என்றால் கேள்வி கிடையாது. அதில் அரிவாள் வந்தாலும் சரி, தலை உருண்டாலும் சரி, எவனோ எவனையோ வெட்டுகிறான் என்று விட்டுவிடுவார்கள். படத்தின் பெயர் இல்லாத பாட்டுதான் சந்தேகம்.

ஒரு காலையில் மூன்று பேரும் போனோம். எஸ்.ஐ. இளவயதுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார். என் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே வந்தவர் பதினோராவது பாட்டில் நிறுத்தினார். அதற்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

"இது என்ன படம்?"

"படம் இல்ல சார். நம்ம குழுப் பாட்டு."

"படத்துல வந்திருந்தா சென்சார்காரன் பாத்திருப்பான். இத யாரு பாத்தா?" என்றார். பிறகு அவரே, "எந்தச் சாதியையும் இழுக்கலைல்லா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அந்தப் பேச்சே இல்ல."

"அப்ப வரிய ஒரு தாள்ல எழுதி, அடியில கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தாராளமாப் பாடுங்க."

அவ்வளவுதான். நான் பயந்தது எதுவும் அங்கே இல்லை. ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. பக்கத்து நாற்காலியில் முதலாளி.

"என்ன பாட்டுவே அது? பாடும், நானும் கேக்கேன்" என்றார்.

வரியை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகினேன். அவர் முழங்காலில் தாளம் போட்டார். "நல்லாருக்கேவே. வரி என்ன?" என்றார்.

தாளில் எழுதினால் அவர் எட்டிப் பார்ப்பார். எழுதாமல் தீராது. வருடத்துக்கு ஆறு மேடை அந்த மனுஷன் கையில் இருந்தது. கொடை, கடையின் ஆண்டு விழா, தீபாவளி விற்பனைக்கு வாசலில் கச்சேரி, அவர் சொல்லி வருகிற கல்யாணங்கள். அவள் வேலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாள். நான் ஆறு மேடையைக் கொடுக்கத் தயாராக இல்லை. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"வரி இன்னும் அமையல அண்ணாச்சி" என்று அவரிடம் சொன்னேன். எஸ்.ஐ.யிடம், "இத எடுத்திருதேன் சார், வீண் சோலி எதுக்கு" என்றேன். பதினோராவது பாட்டை அடித்துவிட்டு அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டின் பெயரை எழுதினேன். எனக்குப் பயமே கிடையாது என்று கதாநாயகன் பாடுகிற பாட்டு. பக்கத்துக் கட்டத்தில் படத்தின் பெயரையும் எழுதினேன்.

"ஒங்க இஷ்டம்" என்றார் எஸ்.ஐ.

கொடையன்று பத்து மணிக்கு முடித்தாக வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். மேடை ஏறுவதற்கு முன்னால்தான் அவளிடம் சொன்னேன்.

"போலீஸ்ல விட மாட்டேன்னுட்டாவம்மா."

"சாதி ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி அதுல."

"படம் பேரு இல்லாத பாட்டு ஆகாதாம். நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

நம்பினாள். போலீஸ் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் எங்கள் ஊரில் நிற்கும். அவள் கீழே கூட்டத்தைப் பார்த்தாள். வலது பக்கம் மணலில் இருபது இருபத்தைந்து பெண்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். கடைப் பெண்கள். பதினோராவது பாட்டு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவர்களில் ஒருத்தி கையைத் தூக்கி ஆட்டினாள். இவளும் ஆட்டினாள்.

பதினோராவது பாட்டு வந்தது. கதாநாயகனுக்குப் பயமே இல்லை. இளவட்டங்கள் துண்டைச் சுழற்றி ஆடின. முதலாளி முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்து தலையை ஆட்டினார். பாட்டு முடிந்ததும் கடைப் பெண்கள் இரண்டு மூன்று பேராக எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டுமே. ஒருத்தி மட்டும் மேடைக்குக் கீழே வந்தாள்.

"என்னக்கா, பாடல?"

"அடுத்த வருசம்" என்றாள் இவள்.

இத்தோடு முடிந்திருந்தால் கோழை என்ற பெயரோடு தப்பித்திருப்பேன். பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் குளிர்சாதனம் நடுங்க வைத்தது. காப்பி வந்தது. அவர் அந்த மெட்டை முனகினார், ஒரு சுரம் பிசகாமல்.

"மண்டைக்குள்ளயே நிக்கிவே. நம்ம கடைக்கு ஒரு வெளம்பரப் பாட்டாப் போட்டுரும். எஃப்.எம்.ல குடுப்போம், உள்ளூர் டிவியில குடுப்போம்."

இது உங்கள் கடையில் நிற்கிறவளுடைய மெட்டு என்று சொல்ல வாய் இருந்தது. "போட்டுருவோம் அண்ணாச்சி" என்றது.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் வரி எழுதினேன். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு சுலபமாக எதுவும் வந்ததில்லை. "ஒக்காந்து பாருங்க சேலை, ஒங்களுக்காக விரிக்கோம் சேலை, ஒரு பொழுதும் நம்ம கடையில கொறையேதும் இல்லையே, ஊரு சனம் அத்தனையும் இங்க இருக்கே." பொருந்தி உட்கார்ந்தது. அதைப் பாடிப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்பதுதான் இதில் அசிங்கமான விஷயம். மனைவியைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினேன்.

பெண் குரல் வேண்டும் என்றார் முதலாளி. "நம்ம கடைப் பிள்ள ஒண்ணு உம்ம குழுவுல பாடுதுல்லா. அதையே பாடச் சொல்லும். அரை நாள் லீவு தாரேன்."

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். அவள் வந்தாள். யார் பாட்டு, என்ன மெட்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் தாளைக் கொடுத்துவிட்டு மெட்டை வாசித்தேன். இரண்டாவது வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தாளை மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள்.

"நாய எடுத்துட்டியளா அண்ணாச்சி" என்றாள்.

"வெளம்பரத்துக்கு நாய் எதுக்கும்மா."

அதற்குச் சிரித்தாள். ஒலிப்பதிவு செய்கிற பையனும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தான். மாட்டேன் என்று அவள் சொன்னால் மறுநாள் முதலாளி காரணம் கேட்பார், காரணத்தைச் சொன்னால் வேலையும் போகும், பாட்டும் போகும். அவள் கணக்குப் போட்டிருப்பாள். போய் மைக் முன்னால் நின்றாள். நின்றுதான் பாட வேண்டும், அங்கேயும் நாற்காலி இல்லை. சிரித்துக்கொண்டே பாடுங்கள், குரலில் தெரியும் என்றான் பையன். சிரித்துக்கொண்டே பாடினாள். ஒரே டேக்கில் முடிந்தது. முதலாளி அவளுக்குத் தள்ளுபடிக் குவியலிலிருந்து ஒரு சேலை கொடுத்தார்.

அடுத்த வாரம் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். கால் முடியவில்லை, இனிக் கச்சேரிக்கு வரவில்லை என்று. நான் கட்டாயப்படுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மினி பஸ்ஸில் பாடியது, ஆட்டோவில் பாடியது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற பக்தர்களின் செட் ஒன்று அதற்கு ஆடியதை நானே பார்த்தேன். காளி வேஷம் போட்டவர் நாக்கைத் தொங்கவிட்டு, சூலத்தை ஓங்கி, ஒக்காந்து பாருங்க சேலைக்கு ஆடினார். முப்பது வருடத்தில் நான் செய்து ஊர் வாயில் நின்றது அது ஒன்றுதான். கலகமான பாட்டுகளை யாரும் கட்டுவதில்லை என்று பட்டிமன்றத்தில் சொன்னேனே, அது சுத்தப் பொய். கட்டுகிறார்கள். நடுவில் என்னைப் போல ஒருத்தன் கீபோர்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

போன மாதம் மைத்துனர் மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று மனைவி கூப்பிட்டாள். வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நம்ம பாட்டு ஓடுகிற கடையை விட்டுவிட்டு எதற்கு வேறு கடை என்றாள். போனோம். பட்டுப் பிரிவில் மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். எதிரே அவள்தான். சேலைக்குக் கீழே ஒரு காலில் பழுப்பு நிறக் கட்டுத்துணி தெரிந்தது. என்னைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்றாள். மேலே ஸ்பீக்கரில் அவளே பாடிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கம் வந்தார். பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்திடம், "நம்ம கடைப் பாட்டு இருக்குல்லா, இவியதான் போட்டது" என்று என்னைக் காட்டினார். அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். முதலாளி போகிறவரை அவள் ஒரு சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம ஊரு எஸ்.ஐ. சார் வீட்டுல சேலை எடுக்க வந்தாவ அண்ணாச்சி" என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. "சாரும் வந்தாவ. கொடையில பாடுனவதானேன்னு கேட்டாவ. படம் பேரு இல்லாத அந்தப் பாட்ட ஒங்க ஆளு ஏன் அடிச்சாரு, எழுதிக் குடுத்துட்டுப் பாடுங்கன்னுதானே நான் சொன்னேன்னாவ."

நான் முன்னால் கிடந்த சேலையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"வேலை போயிருந்தா பாட்டாவது எங்கிட்ட இருந்திருக்கும்" என்றாள்.

மனைவி சேலையிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தப் பாட்டும்மா?"

"இந்தா ஓடுதுல்லாக்கா, இதுதான்."

"இது இவிய போட்ட பாட்டுல்லா?" என்று மனைவி என்னைப் பார்த்தாள்.

அவளும் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவன் நான். கட்டுப் போட்ட காலிலிருந்து பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டாள். நாற்காலியில் நான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அந்தப் பச்சைய எடு" என்றேன். "அது இல்ல, அதுக்கு மேல் தட்டுல உள்ளது."

அவள் திரும்பி, நுனிக்காலில் எம்பி, மேல் தட்டிலிருந்து அதை எடுத்தாள். மேஜையில் போட்டு, முந்தானை தெரிய ஒரே வீச்சில் விரித்தாள்.

"இதுலயே மெரூன் கரையும் இருக்குக்கா" என்றாள் என் மனைவியிடம்.